ஆறாவது கடை

செப்டம்பர் பிறந்துவிட்டால் நெவில் டன்னிக்ளிஃப் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு இடம் இருக்காது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகர வரைபடம் மேசை முழுக்கக் கைகால் நீட்டிப் படுத்திருக்கும். அதன் மேல் அளவுகோல், இரண்டு பென்சில், அழிரப்பர், மூக்குக்கண்ணாடி, போன வருடத்து அட்டை. அக்டோபர் முதல் சனிக்கிழமை ஆறு கிழவர்கள் ஆறு பப்பில் ஏறி இறங்கிக் குடிப்பதற்கு இத்தனை தளவாடம். சண்டைக்குப் போகிற படைகூட இவ்வளவு யோசிக்காது என்பாள் அவர் மனைவி டோரீன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் சாப்பிட்டுவிட்டுப் போவாள். முப்பத்தேழு வருடமாகச் செப்டம்பர் மாதத்தில் அவள் மேசையைக் கண்டதில்லை.

அவர்களுக்குள் இதற்குப் பெயர் வலம். 1979இல், பீர் ஆலையில் புளிக்கிற தொட்டிகளைப் பார்த்துக்கொண்ட பதினோரு பேர் கால்பந்து ஆடி, ஆலைகளுக்கிடையே நடந்த போட்டியில் எப்படியோ கோப்பையை வாங்கிவிட்டார்கள். எப்படி என்று அவர்களுக்கே இன்றுவரை விளங்கவில்லை. எதிரணியில் பாதிப் பேருக்கு அன்று வயிறு சரியில்லை என்று பின்னால் ஒரு பேச்சு வந்தது. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோப்பையைத் தூக்கிக்கொண்டு பதினோரு பேரும் பதினோரு கடை ஏறினார்கள். அவனவன் தன் தெருமுனைக் கடைக்கு மற்றவர்களைக் கூட்டிப்போய், அங்கே அத்தனை பேருக்கும் தானே வாங்கித் தர வேண்டும். அதுதான் அவன் ரவுண்ட். அடுத்த வருடமும் போனார்கள். அதன் பிறகு நிற்கவே இல்லை.

ஆளுக்கு ஒரு கடை, கடைக்கு ஒரு ஆள். ஆள் செத்துப்போனால், அடக்கம் முடிந்த கையோடு, கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவன் கடைக்குப் போய்க் கடைசியாக ஒரு ரவுண்ட் குடிப்பார்கள். அதோடு அந்தக் கடை பட்டியலிலிருந்து போய்விடும். இப்படி ஐந்து கடை போயாயிற்று. கடை குறையக் குறையக் கிளாஸ் பெரிதாகிக்கொண்டு வந்தது. பதினோரு அரை பைண்ட் குடித்தவர்கள் இப்போது ஆறு முழு பைண்ட் குடித்தார்கள். செத்தவன் பங்கையும் இருக்கிறவன்தான் குடிக்க வேண்டியிருக்கிறது என்று பாரி ஷாரட் அலுத்துக்கொள்வார்.

பட்டியல் போடுவது நெவில். ஆடுகிற காலத்தில் இடது பக்கத் தடுப்பாட்டக்காரர்; பந்து அவரைத் தாண்டிப் போகாத ஆட்டமே கிடையாது. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும் என்பதால் செயலாளர் ஆக்கினார்கள். வழி போட்டு, நேரம் குறித்து, கெட்டி அட்டையில் எழுதி நகலெடுத்து, கடைக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று கொடுப்பார். கடைக்காரர்கள் அதைக் கவுண்டருக்குப் பின்னால் செருகி வைத்து, அந்த நேரத்துக்கு மேசையைக் காலியாக வைத்திருப்பார்கள். ஆட்களுக்குத் தபாலில் அனுப்புகிற பழக்கம் இல்லை. வீட்டுக்குப் போக வேண்டும், கையில் கொடுக்க வேண்டும், டீ குடிக்க வேண்டும், "வர்றதானே?" என்று கேட்க வேண்டும், "வராம?" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.

இந்த வருடம் சிக்கல் டெஸ் ஆர்கில்.

டெஸ்தான் கோல்கீப்பர். கோப்பை வந்ததே அவர் கையால்தான் என்று பாரியைத் தவிர எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ட்ரெண்ட் ஆற்றுக்கு அக்கரையில், ஸ்டேப்பன்ஹில்லில் வீடு. அவர் கடை 'கடைசி ஓடக்காரன்'. வலம் முடிகிற ஆறாவது கடை அது. சரியாக நாலு மணிக்கு அங்கே போய்ச் சேர்வார்கள். ஆறு வருடத்துக்கு முன் மனைவி தவறிய பிறகு டெஸ்ஸுக்குக் குடி கொஞ்சம் கூடிவிட்டது. யாரும் கேட்கவில்லை. காற்றிலேயே பீர் மணக்கிற ஊரில் ஒருவனைப் பார்த்து ஏன் குடிக்கிறாய் என்று எப்படிக் கேட்பது? மே மாதம் கணையம் வீங்கி, ஆள் மஞ்சளாகி, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி ஒரு வாய் குடித்தால் எங்களிடம் வர வேண்டாம், நேரே பாதிரியாரிடம் போங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். டெஸ் அன்றோடு விட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டெஸ்ஸின் மகள் ட்ரேசி நெவிலின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நெவில் மாமா, கொஞ்ச நாளைக்கு அப்பாவ பப் பக்கம் கூட்டிட்டுப் போயிடாதீங்க." கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னாள். நெவில் அந்தக் கொஞ்ச நாளை மட்டும் வசதியாக வராந்தாவிலேயே விட்டுவிட்டு, மீதியை எடுத்துக்கொண்டு வந்தார்.

செப்டம்பர் நடுவில் பாரி வந்தார். ஒரு காலத்தில் முன்வரிசை ஆட்டக்காரர். இப்போது முட்டி தேய்ந்து, உட்காரும்போது ஒரு முறையும் எழும்போது ஒரு முறையும் கடவுளைக் கூப்பிடுகிறவர். வரைபடத்துக்கு மேலேயே டீக் கோப்பையை வைத்தார். நெவில் அதை எடுத்து ஓரமாக வைத்தார்.

"டெஸ்ஸ என்ன பண்றது?" என்றார் நெவில்.

"என்ன பண்றதுன்னா? அவன் வந்து என்னடா பண்ணுவான்? தண்ணி கிளாஸ வெச்சுக்கிட்டு நம்ம மூஞ்சியையே பாத்துட்டிருப்பான். கல்யாண வீட்டுல ஒப்பாரி வைக்க வந்த மாதிரி."

"பாவம்டா அவன்."

"அதத்தானே நானும் சொல்றேன், பாவம்னு. பசிச்சவனப் பந்திக்குக் கூட்டிட்டுப் போயி, கையைக் கட்டி உக்கார வெக்கிறதா? கடைசில அவன் ரவுண்ட் வேற. அவன் வாங்கிக் குடுப்பான், நாம குடிப்போம், அவன் பாத்துட்டு இருப்பான். எனக்குத் தொண்டைல இறங்காது."

"ட்ரேசிகூட ஆஸ்பத்திரில சொன்னா..."

"அப்புறம் என்ன? பெத்த பொண்ணே சொல்லியாச்சு. என் முட்டியையும் கொஞ்சம் நெனச்சுப் பாரு. அந்தப் பாலம் இருக்கே, அது முடியவே முடியாது. போன வருஷம் பாதிப் பாலத்துல நின்னு அழுதேன், தெரியுமில்ல?"

"நீ முட்டிக்கா அழுத? க்ளின் உன் தொப்பியத் தூக்கி ஆத்துல போட்டான், அதுக்கு அழுத."

"ரெண்டுக்கும் சேத்துதான் அழுதேன்."

டிவி இருக்கிற அறையிலிருந்து டோரீனின் குரல் வந்தது. "டெஸ்ஸையே ஒரு வார்த்தை கேட்டா வாய் வலிக்குமா?"

"கேக்கறதே கொடுமை, டோரீன்," என்றார் நெவில். "ஆசையக் கெளப்பி விட்ட மாதிரி ஆயிடும்."

"உனக்குக் கேக்கப் பயம். அதுக்குக் கொடுமைன்னு பேரு."

டோரீன் சொன்னதுதான் உண்மை. ஆனால் கட்டினவள் சொல்கிற உண்மையைக் காதில் வாங்குகிற புருஷன் எந்த ஊரிலும் பிறக்கவில்லை. பாரி போன பிறகு நெவில் பென்சிலை எடுத்தார். அக்கரைக் கடையை அழிரப்பரால் துடைத்தார். துடைத்ததும் வரைபடம் எப்படி மாறியது! பாலம் இல்லை, புல்வெளி வழியே கால் மணி நேர நடை இல்லை, ஆறு பேரில் ஒருவரான க்ளின் மூத்திரத்துக்கு ஒதுங்க இடம் தேடுகிற அவதி இல்லை. ஐந்து கடையும் சந்தைச் சதுக்கத்தைச் சுற்றி ஒரு மாலை போல அமைந்தன. 'குருட்டு மணியடிப்பான்' கடையில் தொடங்கி 'நொண்டி வாத்து' வழியாகத் தேவாலயத்துப் பக்கத்தில் 'ஏழு பீப்பாய்' கடையில் முடிந்தது. கடைக்குக் கடை ஐந்து நிமிடத்துக்கு மேல் நடை இல்லை. முப்பத்தேழு வருடத்தில் இவ்வளவு அழகான வழி அவருக்கு அமைந்ததில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு எட்டி நின்று பார்த்தார். அவருக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்துத்தான் பின்னால் அவருக்கு நெஞ்சு எரிந்தது; ஒரு நண்பனைத் துடைத்துவிட்டு, வழி அழகாக வந்ததே என்று சந்தோஷப்பட்டிருக்கிறோமே என்று.

அட்டைகளை எழுதினார். ஐந்து கடைகளில் கொடுத்தார். பாரி, க்ளின், பாரி சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற மற்ற இருவர், எல்லார் வீட்டிலும் டீ குடித்தார். டெஸ் எங்கே என்று க்ளின் மட்டும் கேட்டார். உடம்பு முடியவில்லை என்று நெவில் சொன்னார். அது முழுப் பொய்யும் இல்லை என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

வலத்துக்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை காலை, போன் அடித்தது. 'கடைசி ஓடக்காரன்' கடையை நடத்துகிற கேரல். அவளுக்கு ஊரில் ஆண், பெண், பாதிரியார், போலீஸ்காரர் எல்லாருமே கண்ணுதான்.

"என்ன கண்ணு, எங்கள மறந்துட்டியா? அட்டையே வரலை. பெரிய மேசைய யாரோ பொறந்தநாளுக்குக் கேக்கறாங்க. டெஸ்ஸோட ஆளுங்க வருவாங்கன்னு மாட்டேன்னுட்டேன். நாலு மணிதானே, எப்பவும் போல?"

நெவில் இழுத்தார். "இந்த வருஷம் டெஸ்ஸுக்கு உடம்பு..."

"உடம்புக்கு என்ன? குதிரை மாதிரி இருக்கான். போன வாரம் வந்திருந்தானே! ஆறு கடைக்கும் போயி எங்க என்ன குடிக்கலாம்னு ருசி பாத்துட்டு வர்றானாம். ட்ரேசிதான் கார்ல கொண்டு போயி ஒவ்வொரு கடையா எறக்கி விடறா. மணியடிப்பான்ல சோடா செத்துப் போச்சாம். என்கிட்ட எலுமிச்சை பிழிஞ்சு உப்புப் போட்டுக் கேட்டான். 'அவனுங்களுக்கு என்னால ஒரு தொந்தரவும் இருக்கக் கூடாது கேரல், அவனுங்க குடிக்கிற வேகத்துக்கு நானும் குடிக்கணும், இல்லேன்னா பாரி பொலம்புவான்'னு சொன்னான். எனக்குச் சிரிப்பு தாங்கல. ஏன் கண்ணு, லைன்ல இருக்கியா?"

நெவில் லைனில்தான் இருந்தார். பெரிய மேசையையே வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அட்டைகளில் மிச்சம் இருந்த ஒன்றை எடுத்தார். ஐந்தாவது வரிக்குக் கீழே விளிம்பை ஒட்டிக் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் இடுக்கி எழுதினார்: நாலு மணி, கடைசி ஓடக்காரன், டெஸ். கோட்டை மாட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டினார்.

டெஸ் கதவைத் திறந்தார். இளைத்திருந்தார், சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து போகும். ஆனால் கண் பளிச்சென்று இருந்தது. "வா, செயலாளரே. டீ போடறேன்," என்றார். கெட்டிலை வைத்துவிட்டு அட்டையை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"கடைசி வரி மட்டும் மை வேற கலரா இருக்கே."

"அது... நேரம் சரியா தெரியல. கேரல்கிட்டக் கேட்டுட்டு எழுதலாம்னு..."

"நெவில்." டெஸ் அட்டையை மேசை மேல் வைத்தார். "நேத்து நொண்டி வாத்துல இஞ்சித் தண்ணி குடிச்சிட்டிருந்தேன். கவுண்டருக்குப் பின்னாடி உன் அட்டை இருந்துது. உனக்கு நல்ல கையெழுத்து, உக்காந்த எடத்துலேர்ந்தே படிக்க முடிஞ்சுது. அஞ்சு கடை. நான் தப்பா எண்ணறேன்னு நெனச்சு மூணு தடவை எண்ணினேன்."

நெவில் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதுவரைக்கும் எத்தன கடைய எடுத்திருக்கோம்?"

"அஞ்சு."

"எப்ப எடுத்தோம்?"

"டெஸ், நான் அப்படி நெனச்சு..."

"சொல்லு. நீதானே செயலாளர். ஒரு கடைய எப்ப எடுப்போம்?"

"அடக்கம் முடிஞ்சதும்."

"அப்ப என் அடக்கத்துக்கு ஏன்டா என்னக் கூப்பிடல?"

டெஸ் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நெவிலுக்குக் காது இரண்டும் சுட்டது. முப்பத்தேழு வருடமாக இந்தப் பட்டியலைக் கட்டிக் காத்தவர். ஐந்து பேரின் கடையைத் தன் கையாலேயே எடுத்தவர். ஒவ்வொரு முறையும் அழுதவர். கடையை எடுத்தால் என்ன அர்த்தம் என்று இந்த உலகத்தில் அவருக்குத் தெரியாவிட்டால் யாருக்குத் தெரியும்? பாலத்தையும் முட்டியையும் யோசித்தவருக்கு அது ஒன்று மட்டும் தோன்றாமல் போயிற்று. தோன்றாமல் போனதா, தோன்றவிடாமல் பார்த்துக்கொண்டாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

"ட்ரேசிதான் சொன்னா, உன்ன கூட்டிட்டுப் போகாதன்னு."

"ட்ரேசி மே மாசம் சொன்னா. இப்ப அவதான் காரோட்டறா. அவ சொன்னா, பாரியும் சொல்லியிருப்பான். நீ என்னக் கேட்டியா?"

"இப்பக் கேக்கறேன். வா டெஸ்."

"வரமாட்டேன். ஓரத்துல இடுக்கி எழுதின ஆளா நான் வரமாட்டேன்."

கெட்டில் கொதித்து அணைந்தது. இருவரும் டீ குடித்தார்கள். மழை வருமா என்று பேசினார்கள். கிளம்பும்போது நெவில், "சரி, நீ சொல்லிட்ட. அடுத்த வருஷம் பாப்போம்," என்றார். டெஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "பாப்போம்," என்றார்.

அந்த இடத்தில் நெவில் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அட்டையைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதியிருக்க வேண்டும். நீ வராவிட்டால் வலமே கிடையாது என்று சொல்லியிருக்க வேண்டும். பாலத்தில் திரும்பி நடக்கும்போது அவர் மனதில் துக்கம் இருந்தது, வெட்கம் இருந்தது. அதற்கெல்லாம் அடியில் ஒரு துளி நிம்மதியும் இருந்தது. கேட்டாயிற்று, அவனே மாட்டேன் என்றுவிட்டான், இனி நம் மேல் பழி இல்லை என்ற நிம்மதி. அந்தத் துளியைத்தான் அவர் பின்னால் தன்னை மன்னிக்கவே முடியாமல் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு 'குருட்டு மணியடிப்பான்' கடையில் ஐந்து பேர் கூடினார்கள். முதல் கிளாஸில் வாய் வைப்பதற்கு முன் செயலாளர் அணிப் பெயர்களைச் சட்டை எண் வரிசையில் படிக்க வேண்டும். உயிரோடு இருப்பவன் "இருக்கேன்" என்பான். இல்லாதவன் பேருக்கு மற்றவர்கள் சேர்ந்து "ஆடி முடிச்சுட்டான்" என்பார்கள். முதல் எண் கோல்கீப்பருடையது. நெவில் அதை மறந்துவிட்டார். வாய் பழக்கத்தில் தானாகவே படித்துவிட்டது.

"ஒண்ணு. டெஸ்மண்ட் ஆர்கில்."

க்ளின் கதவைப் பார்த்தார். பிறகு பாரி கிளாஸைத் தூக்கி, "ஆடி முடிச்சுட்டான்," என்றார். தலையாட்டுகிற இருவரும் கூடவே முணுமுணுத்தார்கள்.

"டேய்!" நெவில் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அவன் உசுரோட இருக்கான்டா!"

"சும்மா வாய் தவறி வந்துடுச்சு. அதுக்கு ஏன் இப்படிக் கத்தற? நீதானே பட்டியல் போட்ட," என்றார் பாரி.

மீதிப் பெயர்களை நெவில் படிக்கவில்லை. யாரும் படிக்கச் சொல்லவும் இல்லை. அதன் பிறகு அந்த அழகான வழியில் ஒரு கடையும் ருசிக்கவில்லை. ஆளுக்கு ஒரு பேச்சை எடுத்தார்கள். எடுத்த பேச்சு மேசையைச் சுற்றி வருவதற்குள் செத்தது. க்ளின் ஒரு பழைய ஆட்டத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, அதில் பந்தைப் பிடித்தது டெஸ் என்பது நினைவுக்கு வந்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

'ஏழு பீப்பாய்' கடையில் கடைசி ரவுண்ட் முடிந்தபோது மணி மூன்று நாற்பது. ஜன்னல் வழியே பார்த்தால் ஆற்றுக்குப் போகிற பாதை தெரியும்.

"வழக்கமா இந்நேரம் பாலத்துல இருப்போம்," என்றார் க்ளின். "போலாமா? சும்மா ஒரு எட்டு. பாத்துட்டு வந்துடலாம்."

பாரி முட்டியைத் தடவினார். எல்லாரும் நெவிலைப் பார்த்தார்கள். வழி சொல்வது அவர் வேலை.

"வரமாட்டேன்னு சொன்னவன எதுக்குப் போயித் தொந்தரவு பண்றது?" என்றார் நெவில். "இங்கயே இன்னொண்ணு சொல்லு."

அந்த இன்னொன்றை அவர் பாதிக்கு மேல் குடிக்கவில்லை.

ஞாயிறு பகல், கடை திறந்ததும், நெவில் தனியாகப் பாலத்தைக் கடந்து 'கடைசி ஓடக்காரன்' கடைக்குப் போனார். எதற்கு என்று டோரீன் கேட்டதற்கு, காற்று வாங்க என்று சொன்னார். கேரல் கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தும் கண்ணு என்று கூப்பிடவில்லை.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"கேரல், டெஸ் வரமாட்டேன்னு சொல்லிட்டான். நானே நேர்ல வந்து கேட்டேன்."

"மூணரைக்கே வந்துட்டான்," என்றாள் கேரல். துணியை வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். "சவரம் பண்ணி, டை கட்டிக்கிட்டு. அந்தப் பெரிய மேசைல உக்காந்தான். நாலு மணி அடிச்சதும், அஞ்சு பைண்டு ஊத்து கேரல், எனக்கு எலுமிச்சைன்னான். ஆளுங்க வரட்டும் அப்புறம் ஊத்தலாம்னு சொன்னேன். 'இல்ல, ஊத்திடு, வந்துட்டேதான் இருப்பானுங்க. பாரி முட்டிக்குப் பாலத்துல லேட்டாகும்'னான். 'நீ வரமாட்டேன்னு சொல்லிட்டதா ட்ரேசி சொன்னாளே'ன்னு கேட்டேன். 'சொன்னேன். நான் சொன்னா நெவில் விட்டுடுவானா? என்னத் தூக்கிட்டுப் போகவாவது வருவான் பாரு'ன்னான்."

நெவில் அந்த மேசையைப் பார்த்தார். ஒரு குடும்பம் உட்கார்ந்து வறுத்த மாட்டிறைச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"அஞ்சு மாசமா ஒரு சொட்டு நாக்குல படாத மனுஷன். முன்னாடி அஞ்சு கிளாஸ் ரொம்பி நிக்குது. பக்கத்துல ஒரு ஆள் இல்ல. எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு. ட்ரேசிக்குப் போன் பண்ணலாமான்னு போன கைல எடுத்து எடுத்து வெச்சேன். ஒரு விரல் படணுமே! கதவு தொறக்கறப்பல்லாம் நிமிந்து பாப்பான், அவ்வளவுதான். அஞ்சே கால் வரைக்கும் இருந்தான். அப்புறம் அவனே ரெண்டு ரெண்டா எடுத்துட்டு வந்து இங்க வெச்சான். 'கொட்டிடு கேரல். நல்ல பீர வீணாக்கிட்டேன், மன்னிச்சுக்கோ'ன்னான். மன்னிப்பு அவன் கேக்கறான், பாரு."

நெவில் எதுவும் குடிக்காமல் வெளியே வந்தார். டெஸ்ஸின் வீடு அங்கிருந்து நாலு தெரு. அந்த நாலு தெருவும் அவர் தன்னோடு பேசிக்கொண்டே நடந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று இல்லை, எதைச் சொல்லக் கூடாது என்று. ட்ரேசி பெயரை எடுக்கக் கூடாது. பாரி பெயரை எடுக்கக் கூடாது. உன் நல்லதுக்கு என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது.

டெஸ் கதவைத் திறந்தார். காலில் வீட்டுச் செருப்பு, கையில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்.

"தப்புப் பண்ணிட்டேன்டா," என்றார் நெவில். வாசலிலேயே நின்றார். "உன்னக் காப்பாத்தணும்னு எடுக்கல. நீ சோடாவோட உக்காந்தா எங்க குடிக்கு ருசி இருக்காதுன்னு எடுத்தேன். உன் கடைய எடுத்ததும் வழி நல்லா வந்துது. அதப் பாத்துச் சந்தோஷப்பட்டேன். புதன்கிழம நீ வரமாட்டேன்னதும் அப்பாடான்னு இருந்துது. நேத்து க்ளின் கூப்பிட்டான், பாலத்தத் தாண்டிப் போலாம்னு. நான்தான் வேணாம்னேன். எல்லாம் நான்தான்."

எழுபது வயதில் ஒரு மனிதன் தன்னைப் பற்றிச் சொல்லக்கூடிய அத்தனை உண்மையையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். டெஸ் பேப்பரை நாலாக மடித்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நெவிலுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"நேத்து நாலு மணிக்கு வந்திருந்தா இதுல ஒண்ணக்கூட நீ சொல்லியிருக்க வேண்டாம், நெவில்," என்றார் டெஸ்.

சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனார். கதவை அவர் சாத்தவில்லை. நெவிலுக்குத்தான் உள்ளே போகக் கால் வரவில்லை.